யார் யார் ஏறுவாங்க?

நான் கையெழுத்துப் போட்டபோது அந்த அட்டை காலியாக இருந்தது என்று சொன்னேன். அது பொய். அட்டை நிரப்பப்பட்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியையும் படித்த பிறகுதான் கையெழுத்திட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரியில் மோட்டார் வாகனப் பொறியியல் நடத்தியவன் நான். என் ஒரு வரிப் பொய்யால் ஒரு பெண்மணியின் பட்டறைக்கு வண்டிகள் வருவது நின்றுபோயிற்று.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. என் கையெழுத்துக்குப் பக்கத்தில் வந்து அந்தப் பெயர் ஒருமுறை பட்ட பாடு போதும்.

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் வந்தால், செம்மங்குப்பத்துக்கு முன்னால் இடதுபக்கம் தகரக்கூரை போட்ட பட்டறை. சக்கரங்களை நேர் செய்யும் இயந்திரம் ஒன்று, ஒரு குழி, சுவரோரம் வரிசையாக மணல் மூட்டைகள். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவை வேலைக்கு இடைஞ்சலாக இல்லாமல் சட்டைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டு, அவர் குழிக்குள் நின்றிருப்பார். ஐம்பது வயது இருக்கும். அலைன்மென்ட் அக்கா என்றால் கடலூரில் கார் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

வண்டி உள்ளே வந்ததும் மற்ற பட்டறைகளில் "என்னா கம்ப்ளெயின்ட்?" என்பார்கள். இவர் அப்படிக் கேட்க மாட்டார். குழியிலிருந்து தலையை மட்டும் தூக்கி, "இதுல யார் யார் ஏறுவாங்க?" என்பார்.

அதற்குப் பதில் வராமல் ஸ்பேனரைத் தொட மாட்டார். முடிந்தால் ஏறப்போகிற ஆட்கள் எல்லோரையும் கூட்டி வரச் சொல்லுவார். வர முடியாதவர்களுக்குப் பதிலாகத்தான் அந்த மணல் மூட்டைகள். ஒவ்வொன்றிலும் எடை பெயின்டால் எழுதியிருக்கும். வேலையாட்கள் அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். எழுபத்தைந்து கிலோ மூட்டை மாமியார். அறுபது மச்சான். பதினைந்து பாப்பா. "மாமியாரத் தூக்கிப் பின்னாடி வைடா, மெதுவா, அப்புறம் கோச்சிக்கும்" என்று அவர்கள் கத்துவது சாலை வரைக்கும் கேட்கும். ஆட்களும் மூட்டைகளும் ஏறிய பிறகுதான் உயரம் அளப்பார்.

ஒருமுறை செம்மங்குப்பம் தொழிற்பேட்டை அதிகாரி ஒருவர், "நான் மட்டும்தாங்க ஏறுவேன்" என்றார். அக்கா டிக்கியைத் திறந்து பார்த்தார். உள்ளே இரண்டு சமையல் கேஸ் சிலிண்டர்.

"இவங்க யாரு சார், ஒங்க மச்சானுங்களா? டிக்கெட் எடுக்காம வர்றாங்க?"

நானும் சிரித்தேன். அன்று நான் என் பழைய காரின் டயர் தேய்மானத்துக்காகப் போயிருந்தேன். என்னைப் பார்த்து, "சார், வெறும் வண்டி ஒண்ணுமே சொல்லாது. லோடு ஏறுனாத்தான் உண்மையப் பேசும்" என்றார். அந்த வாக்கியத்தை வகுப்பில் இரண்டு மூன்று முறை சொல்லியிருக்கிறேன். யார் சொன்னது என்று சொன்னதில்லை.

என் மகன் புதுச்சேரியில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். இரண்டு கதவு, சிவப்பு நிறம், பின்னால் பெயருக்கு ஒரு ஒடுக்கமான இருக்கை. அவனுக்கு அது தரையோடு தரையாக நிற்க வேண்டும். வண்டியை நாற்பது மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங்குகளைத் தபாலில் வரவழைத்தான். கடலூரில் அவன் வண்டி விடுகிற சர்வீஸ் சென்டர்தான், "இதெல்லாம் நாங்க செய்யறதில்ல, அக்காகிட்ட போங்க" என்று அனுப்பியது. அவர்கள் அனுப்புகிற வண்டிகளை நம்பித்தான் அவருடைய பட்டறை ஓடியது.

நானும் கூடப் போனேன். மகன் கூப்பிடவில்லை. எனக்குத் தெரிந்த விஷயம் என்பதால் போனேன்.

அவர் புது ஸ்பிரிங்கை மாட்டி, மகனை மட்டும் உட்காரவைத்து, நடுவில் இருக்கும் இடைவெளியை அளந்தார். ஷாக் அப்சார்பர் தண்டில் ஒரு ரப்பர் தடுப்பு இருக்கும். பட்டறையில் பஃபர் என்பார்கள். சக்கரம் மேடேறும்போது ஸ்பிரிங் அமுங்கும். அமுங்கி முடிகிற இடத்தில் இந்தப் பஃபர் தாங்கிக்கொள்ளும். பழைய ஸ்பிரிங்கில் அதுவரைக்கும் ஐந்து விரல் இடம் இருந்தது. இப்போது மூன்று விரல்.

"நிக்கிறவன் குனியலாம் சார். ஏற்கெனவே குந்திக்கிட்டு இருக்கறவன் இன்னும் எங்க குனிவான்?"

"அதனாலதாம்மா ஸ்பிரிங்கைக் கெட்டியா செஞ்சிருக்கான். அமுங்கறதே குறைவா இருக்கும்" என்றேன்.

"கெட்டியாத்தான் இருக்கு. பழைய ஷாக் அப்சார்பரு அத அடக்குமா?" என்று பின்பக்கத்தை ஒரு அழுத்து அழுத்திக் கையை எடுத்தார். வண்டி ஒருமுறை எழுந்ததோடு நிற்காமல், இரண்டு மூன்று முறை துள்ளி நின்றது. "பாத்தீங்களா, குதிக்குது. இந்த ஸ்பிரிங்குக்கு ஏத்த ஷாக் அப்சார்பரும் சேத்துப் போடுங்க. இல்லன்னா இருபது இறக்குறதாப் பாத்து வாங்குங்க."

மகன் முகம் சுருங்கியது. அவர் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். நல்ல தார்ச்சாலையில் நானும் அவனோடு போனேன். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த ஓட்டம் எனக்கே பிடித்திருந்தது. திருப்பத்தில் வண்டி சாயவில்லை. ஸ்டியரிங்கைத் தொட்டதும் மூக்கு திரும்பியது. ஒட்டுப் போட்ட சாலை வந்ததும் பல் கிட்டித்தது, பின்பக்கம் தத்தித் தத்தி வந்தது. அதை நாங்கள் இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

திரும்பி வந்ததும் அவர் அதே கேள்வியைக் கேட்டார்.

"யார் யார் ஏறுவாங்க? தம்பி கல்யாணம் ஆனவருதான? வீட்ல அவங்களக் கூட்டிக்கிட்டு வாங்க. உக்காரவெச்சிப் பாத்துடலாம்."

பட்டறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். எங்கள் வீட்டு மருமகளைக் கொண்டுவந்து மாமியார் மூட்டை, மச்சான் மூட்டைக்கு நடுவில் உட்காரவைத்து எடை பார்ப்பதா என்று எனக்குச் சுருக்கென்றது. அது ஒரு காரணம். இன்னொன்று, முந்தின நாள் நான் காகிதத்தில் கணக்குப் போட்டு, இடைவெளி போதும் என்று மகனிடம் சொல்லியிருந்தேன். காலி வண்டியை வைத்துப் போட்ட கணக்கு.

"அவ ஏற மாட்டாம்மா. இது இவன் தனியா ஓட்டற வண்டி" என்றேன்.

மகன் என்னைப் பார்த்தான்.

"மூட்டையாச்சும் வெச்சிப் பாத்துடலாமே சார். அஞ்சு நிமிஷம்."

"நான்தான் சொல்றேன்லம்மா? இந்தப் பாடத்த நான் நடத்தியிருக்கேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு மஞ்சள் அட்டையை எடுத்தார். இந்த மாதிரி வேலைக்கெல்லாம் அட்டை எழுதுவது அவர் வழக்கம். எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். "ஓட்டுபவர் மட்டும். வேறு ஆள் இல்லை. சாமான் இல்லை. ஆள் கூடினால் திரும்ப வந்து பார்க்கவும்." என் பக்கம் நீட்டினார். "சார் சொன்னாச் சரி. இதுல மட்டும் போட்டுடுங்க."

போட்டேன்.

பழைய ஸ்பிரிங் நான்கையும் துணியில் சுற்றினார்கள். "எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். மகன், "குப்பைல போடுங்க" என்றான்.

"நான் போட மாட்டேன்" என்று அவர் அதைப் பரணில் ஏற்றச் சொன்னார்.

மூன்று மாதம் கழித்து மருமகள் கிள்ளையில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போகப் புறப்பட்டாள். பஸ்ஸில் போவதாகத்தான் இருந்தாள். "வாசல்ல வண்டி நிக்குது, பஸ்ஸுல ஏன்மா இடிபடற? ரெண்டு பேருமாப் போய்ட்டு வாங்க" என்றது நான். அவளுடைய அப்பா புது அரிசி எடுத்து வைத்திருக்கிறார் என்று தெரிந்து, "அந்த ரெண்டு மூட்டையையும் பின்னாடி போட்டு எடுத்துக்கிட்டு வந்துடுங்க" என்று போனில் சொன்னதும் நான்தான். அதைச் சொல்லும்போது மஞ்சள் அட்டை நினைவுக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் இன்னொரு பொய்யாகும். வந்தது, என் கணக்கை நினைத்துக்கொண்டு அதைத் தள்ளிவிட்டேன்.

கிள்ளைச் சாலையில் ஒரு வளைவு. வளைவுக்குள்ளேயே வாய்க்கால் மதகு, அதன் மேல் சாலை முதுகு போல உயர்ந்திருக்கும். பிற்பகல் நேரம். மகன் வேகமாக வரவில்லை என்றான், நம்புகிறேன். வண்டி திரும்பிக்கொண்டிருக்கும்போதே மதகின் மேல் ஏறி இறங்கியது. இரண்டு பேர், இரண்டு மூட்டை அரிசி. பின்பக்கம் முழுவதும் அமுங்கிப் பஃபரில் போய் முட்டியது. அந்த நொடியில் ஸ்பிரிங் என்று ஒன்று இல்லை. பின்சக்கரங்களின் பிடி சட்டென்று விட்டுப்போய், வண்டி சுழன்று, இடதுபக்கமாக ஒரு பூவரச மரத்தில் மோதி நின்றது. இடதுபக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள்.

கணுக்காலில் இரண்டு அறுவை சிகிச்சை. நாள் முழுக்க நின்று பாடம் நடத்தும் பள்ளிக்கூட வேலை அவளுக்கு. ஆறு மாதம் போகவில்லை. பிறகு போனபோது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாள். இன்றும் அப்படித்தான்.

சம்பந்தி ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் கேட்டார். "என்னா மச்சான், நீங்க படிச்சவரு. ஒங்களுக்குத் தெரியாம இது எப்பிடி நடந்துச்சு? யாரு மேலத் தப்பு?"

யார் மேல் தப்பு என்று எனக்குத் தெரியும். "வேலை செஞ்ச எடத்துல கோளாறு" என்றேன். அங்கிருந்துதான் ஆரம்பித்தது. சம்பந்தி சர்வீஸ் சென்டரில் போய்ச் சத்தம் போட்டார். அவர்கள் என்னிடம் எழுத்தில் கருத்துக் கேட்டார்கள், துறை தெரிந்தவன் என்பதால். ஒரு பக்கம் எழுதினேன். பயணிகளின் எடையை விசாரிக்காமல் ஸ்பிரிங் பொருத்தப்பட்டது என்று எழுதினேன். அதைவிட அக்காவைக் கேவலப்படுத்தும் வாக்கியம் உலகத்தில் இருந்திருக்காது.

மேனேஜர் அறைக்கு என்னையும் அக்காவையும் கூப்பிட்டார்கள். அவர் காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு, சர்ச்சுக்குப் போகிற புடவையில் வந்திருந்தார். அட்டையை மேஜைமேல் வைத்தார். மேனேஜர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், ஒருத்தர் மட்டும்தான்னு எழுதியிருக்கே? ஒங்க கையெழுத்துதான?"

மின்விசிறிக் காற்றில் அட்டையின் ஒரு மூலை எழும்பி எழும்பி அடங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே பெஞ்சில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொன்னால் அந்தக் கதவுக்கு வெளியே கேட்கும்.

"கையெழுத்து என்னுதுதான். போடும்போது காலியா இருந்துச்சு. அப்புறமா எழுதியிருக்காங்க."

அக்கா என்னை ஒரு வண்டியைப் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"நான் கேக்காம எழுதுறவ இல்ல சார்" என்றார். என்னிடம்தான் சொன்னார், மேனேஜரிடம் இல்லை. அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"மருமவ கால ஊனுறாங்களா சார்?"

"இன்னும் இல்ல."

"மாதாகிட்ட வேண்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தத்தை நோக்கிப் போனார்.

அந்த வாரத்தோடு சர்வீஸ் சென்டர் வண்டிகள் அங்கே போவது நின்றது. சேதி பரவி, மற்ற வண்டிகளும் குறைந்தன. வேலையாட்களில் ஒருவர் போய்விட்டார். டிராக்டர் டிப்பர்களும் லோடு ஆட்டோக்களும்தான் வந்தன.

எங்கள் வீடு அண்ணாமலை நகரில். கடலூருக்கு மருத்துவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் மருமகளோடு நானும் பஸ்ஸில் போவேன். பட்டறை வரும்போது அவள் சன்னல் பக்கம் திரும்பி, "கண்ணத் தெறந்துகிட்டே என் கால ஒடைச்சா. அவ கையி வெளங்காமப் போவணும் மாமா" என்பாள். ஒவ்வொரு முறையும். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிரே பார்ப்பேன். இரண்டு வருடம் அப்படிப் போனது. ஒருநாள் பஸ் அந்த இடத்தில் நின்றுவிட்டது, முன்னால் லாரி ஒன்று மறித்ததால். குழியிலிருந்து அவர் தலையைத் தூக்கினார். எங்கள் சன்னலைப் பார்த்தார். மருமகள் அவரைப் பார்த்துத் துப்பினாள். எச்சில் சாலையில்தான் விழுந்தது. அவர் பார்வையை மாற்றாமல், அவள் முகத்தைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

மறுநாள் உட்கார்ந்து எழுதினேன். அட்டை நிரப்பப்பட்டிருந்தது, படித்துத்தான் கையெழுத்திட்டேன், நான் முன்பு எழுதியதும் சொன்னதும் பொய். சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேனேஜர் மாறியிருந்தார். புதியவர் படித்துவிட்டு, "இதெல்லாம் பழைய கதை சார். இப்ப எங்ககிட்டயே மெஷின் வந்துடுச்சி" என்று ஒரு கோப்பில் செருகினார். அவ்வளவுதான்.

நகலை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அவர் கையைத் துடைத்துவிட்டு நின்றபடியே படித்தார். இரண்டு முறை படித்தார்.

"மருமவளுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது."

"அப்ப இது காலி வண்டி. லோடு ஏத்திக்கிட்டு வாங்க" என்று காகிதத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுக் குழிக்குள் இறங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையில், மகனும் மருமகளும் இருக்கும்போது அந்தக் காகிதத்தைப் படித்தேன். மகன் எழுந்து போகப் பார்த்தான்.

"உக்காருங்க" என்றாள் அவள் அவனிடம். "ஒங்களுக்கும் தெரியுமா?"

அவன் தட்டைப் பார்த்தான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நான் ஏற மாட்டேன்னு நீங்க சொன்னீங்களா மாமா? என்ன அதுல ஏத்திவுட்டதே நீங்கதான?"

"ஆமாம்மா."

"அரிசி?"

"ஆமா."

அவள் அழவில்லை. தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து உள்ளே போனாள். அன்றிலிருந்து என்னிடம் பேசுவது நின்றது. சாப்பாடு வைப்பாள். மாமா என்று கூப்பிட மாட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுத் தனியாகப் பஸ் ஏறிக் கடலூருக்குப் போனாள். அவர்கள் இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கும் தகுதியும் இல்லை. வந்ததும் மகனிடம் சொன்னாள்: "அந்த வண்டிய எடுங்க. சரி பண்ணணும்." மோதியதைச் சரிசெய்து, உறை போட்டு மூடி, இரண்டு வருடமாக யாரும் தொடாத வண்டி.

ஒரு சனிக்கிழமை அவர்கள் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்கள். நான் பின்னால் பஸ்ஸில் போனேன். வரச் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

பரணிலிருந்து துணி மூட்டையை இறக்கினார்கள். உள்ளே பழைய ஸ்பிரிங் நான்கும் எண்ணெய் தடவியபடி இருந்தன. மகனின் பெயர் எழுதிய துணித்துண்டு கட்டியிருந்தது. எல்லாவற்றையும் மாட்டி முடித்து, அவர் குழியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"யார் யார் ஏறுவாங்க?"

"நான், இவரு" என்றாள் மருமகள். மகன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். அவள் காலை மெதுவாக உள்ளே எடுத்து வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அளந்தார். அட்டையில் எழுதினார்.

"பின்னாடி?"

"யாரும் இல்லக்கா."

"சாரு?"

மருமகள் நேரே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவரு ஏற மாட்டாரு."

நான் மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் பேனாவை மூடாமல் கையில் வைத்திருந்தார்.

"போன தடவையும் ஒருத்தங்க ஏற மாட்டாங்கன்னு சொன்னாங்க. நானும் நம்பி எழுதிட்டேன்" என்றார். "இனிமே நம்பறதா இல்ல பாப்பா. சார், ஒங்க எடை என்னா?"

"அறுபத்திரெண்டு."

"டேய், மச்சானத் தூக்கிட்டு வா."

மூட்டை பின் இருக்கையில் ஏறியது. வண்டி சிறிது இறங்கி, ஒரே மூச்சில் அடங்கி நின்றது. அவர் அளந்துவிட்டு, மூன்றாவது வரியில் அறுபத்திரெண்டு என்று எழுதினார். கையெழுத்துக்கு அட்டையை என்னிடம் நீட்டவில்லை. மருமகளிடம் நீட்டினார். அவள் முழுவதையும் படித்தாள். மூன்றாவது வரியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கையெழுத்திட்டாள்.

சர்வீஸ் சென்டர் வண்டிகள் அதன்பிறகும் அவரிடம் வரவில்லை. ஒன்றரை வருடத்தில் பட்டறையை விட்டுவிட்டுக் காரைக்கால் பக்கம் தம்பியிடம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடை. என் திருத்தக் கடிதம் அவருக்கு ஒரு வண்டியைக்கூடக் கொண்டுவரவில்லை.

அட்டை எங்கள் காரின் முன்பெட்டியில் இருக்கிறது. என் எடையும் சேர்த்துத்தான் அந்த வண்டி ஓடுகிறது. மருமகள் இன்னும் என்னை ஏறச் சொல்லவில்லை. நானாக ஏறவும் இல்லை.